அக்டோபர் 24க்கு பலகையில எதை எழுதுறது? ஒரே தேதியில இத்தனை இருக்கே

கண்டனூர்_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் படிப்பக வாசல்ல ஒரு கரும்பலகை இருக்கு, "வரலாற்றில் இன்று"ன்னு மேல போட்டு கீழ நாலு வரி எழுதுறது எங்க அப்பச்சியோட வேலை, நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப இருந்து அவுகதான் எழுதுறாக. இப்ப அப்பச்சியும் ஆத்தாவும் அக்கா பிரசவத்துக்கு சிங்கப்பூர் போயிருக்காக, சாக்பீஸ் என் கைக்கு வந்துருச்சு. மத்த நாளுக்கெல்லாம் பிரச்சனையே இல்ல, ஒரு தலைவர் பொறந்தநாள், ஒரு விஞ்ஞானி, ஏதாவது ஒரு ராக்கெட்டு, முடிஞ்சுது. அக்டோபர் 24தான் மண்டையக் குடையுது.

மருது சகோதரர்கள திருப்பத்தூர்ல தூக்குல போட்டது 1801 அக்டோபர் 24. அது நமக்கு பக்கத்து ஊரு, அத விட்டுட்டு வேற எழுதுனா வாசல்லயே நிறுத்திக் கேப்பாக, நியாயந்தான். அப்புறம் பாத்தா நியூயார்க் பங்குச்சந்தை சரிய ஆரம்பிச்ச கருப்பு வியாழனும் அதே தேதி, 1929. ஐநா சபை சாசனம் நடைமுறைக்கு வந்தது 1945ல அதே தேதி. கேப்டன் லட்சுமி பொறந்தது 1914, ஆர்.கே.லக்ஷ்மண் பொறந்தது 1921, கல்கத்தா மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 1984, கான்கார்டு விமானம் கடைசியா பயணிகளோட பறந்தது 2003, எல்லாமே 24தான். ஐரோப்பாவுல முப்பது வருஷப் போர முடிச்ச வெஸ்ட்பாலியா ஒப்பந்தம் வேற, 1648. பலகையில நாலு வரிதான் புடிக்கும், அதுவும் என் கையெழுத்துக்கு மூணே முக்கால்.

என் சந்தேகம் மூணு. இதுல எதையெல்லாம் எடுக்கறது? தூக்குல போட்ட நாளையும் பொறந்தநாளையும் ஒரே பலகையில எழுதலாமான்னு ஒரு பெரியவர் கேட்டாக, அதுக்கு என்ன சொல்ல? அப்புறம் மருது பாண்டியர் குருபூஜை 27ந்தேதிதானே, நீ என்ன 24ங்கறன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சண்டைக்கு வர்றாரு, எது சரி?

—

சும்மா_வந்தவன்:

கூகுள்ல போட்டா ஐநூறு வரும், நாலு எடுத்து எழுதிட்டுப் போங்க. இதுக்கு ஒரு இழையா.

—

கண்டனூர்_மீனா:

ஐநூறு வருதுங்கறதுதாங்க பிரச்சனையே.

—

கானாடுகாத்தான்_பழசு:

மீனா, மொதல்ல அந்த 24, 27 விவகாரத்த முடிச்சுருவோம். தூக்குல போட்டது 24ந்தேதி திருப்பத்தூர்ல, அரசு விழா நினைவு மண்டபத்துல அன்னைக்குத்தான் நடக்கும். அடக்கம் பண்ணது காளையார்கோயில்ல, அங்க குருபூஜை 27. ரெண்டும் சரி, ஊருதான் வேற. அண்ணன்கிட்ட அப்படியே சொல்லுங்க, அவரும் ஜெயிச்ச மாதிரி இருக்கும்.

எதை எடுக்கறதுங்கறதுக்கு என் யோசனை, கான்கார்டு, மெட்ரோவெல்லாம் தூக்கிப் போடுங்க. அதுக தேதியில மட்டும்தான் ஒன்னா இருக்கு. 1801ம் 1929ம் அப்படி இல்ல, ரெண்டுமே நம்ம சீமை மேல நேரா வந்து விழுந்த சங்கதி, ரெண்டுமே கடல் தாண்டிப் போகுது.

1801 ஜூன் 16ந்தேதி சின்ன மருது திருச்சி கோட்டைச் சுவத்துலயும் ஸ்ரீரங்கத்துலயும் ஜம்புத்தீவு அறிக்கைய ஒட்ட வைச்சாரு, எல்லா சாதிக்காரவுகளும் சேந்து வெள்ளைக்காரன வெரட்டணும்னு. நாலே மாசம். அதுக்குள்ள கம்பெனி படை காளையார்கோயில் காட்டுக்குள்ள வழி வெட்டிக்கிட்டு உள்ள பூந்து, அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் புடிச்சு, அக்டோபர் 24 திருப்பத்தூர் கோட்டையில தூக்குல போட்டுட்டான். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரைய நவம்பர் 16 பாஞ்சாலங்குறிச்சியில. பொதுவா கதைய இதோட நிறுத்திருவாக, ஆனா மிச்சம் ஒன்னு இருக்கு. சின்ன மருது மகன் துரைச்சாமி, கூட எழுபது பேருக்கு மேல, 1802 பிப்ரவரியில தூத்துக்குடியில கப்பல் ஏத்தி பினாங்குக்கு நாடு கடத்துனாக. நம்ம செட்டியார் ஆளுக பினாங்குக்கு கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பண்ணப் போனது பெரும்பாலும் அதுக்கு அப்புறந்தான். யோசிச்சுப் பாருங்க, இந்த மண்ணுல இருந்து ஒருத்தன் விலங்கோட போன ஊருக்கு அடுத்த தலைமுறையில வேற ஒருத்தன் பெட்டியோட போயிருக்கான்.

இப்ப 1929க்கு வாங்க. நியூயார்க்ல பங்கு விழுந்தா கண்டனூருக்கு என்னன்னு கேப்பாக. பர்மாவுல நம்ம ஆளுக நெலத்த அடமானமா வாங்கிக்கிட்டு விவசாயிக்கு கடன் குடுத்தாக, அவன் நெல்ல வித்துத்தான் வட்டி கட்டணும். உலகச் சந்தை படுத்ததும் நெல்லு விலை ஒன்னு ரெண்டு வருஷத்துல பாதிக்கு வந்துருச்சு. நெல்லு பாதி விலை, கடன் முழு கடன். கட்ட முடியாதவன் நெலத்த குடுத்துட்டான். 1930ல கீழ்பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல செட்டியார் கையில இருந்த நெலம் 6 சதவீதந்தான், 1937 வாக்குல அது 25 சதவீதம். கேக்க நல்லா இருக்கும், ஆனா நம்ம ஆளு நெலம் வாங்கவா போனான்? ரொக்கம் சுத்தி வர்றதுதான் அவன் தொழில். வேண்டாத நெலம் கையில, ரொக்கம் இல்ல, பர்மாக்காரனுக்கு கோவம் வேற. பர்மா விவசாயிகளோட சாயா சான் கலகம் 1930 டிசம்பர்ல வெடிச்சுது. பின்னாடி 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு விழ, ஆளுக அரக்கான் வழியா நடந்தே வந்தாக, 1948ல அந்த அரசாங்கம் நெலத்த நாட்டுடைமை ஆக்குச்சு, அவ்வளவுதான். தேக்குத் தூண் வச்ச வீடுகள்ல பாதி இன்னைக்கு பூட்டிக் கெடக்குன்னா அதுக்கு மொத நூலு அந்த வியாழக்கெழமையில இருந்துதான் இழுக்கணும்.

ஒன்னு மட்டும் கவனம். கருப்பு வியாழன் அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுதுன்னு எழுதிராதீக. அன்னைக்கு ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேல பங்கு கை மாறுச்சு, சாயந்தரத்துக்குள்ள பெரிய வங்கிக்காரவுக கூடி விலைய கொஞ்சம் தூக்கியும் விட்டாக. பெரிய அடி விழுந்தது அடுத்த வாரம் திங்களும் செவ்வாயும், 28, 29ந்தேதி.

—

தேதி_புடிச்சவன்:

மதுரைக்காரன், சும்மா எட்டிப் பாத்தேன், வாயை மூடிட்டுப் போக முடியல.

ஒரே தேதின்னு போடறதுக்கு முன்னாடி அது எந்த காலண்டர் தேதின்னு பாக்கணும்ங்க. உங்க 1801க்கு சிக்கல் இல்ல, இங்கிலீஷ்காரன் 1752லயே பழைய ஜூலியன் காலண்டர விட்டுட்டான், அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14ன்னு வச்சுக்கிட்டான். 1648 வெஸ்ட்பாலியா புதுக்கணக்குலதான் 24, அப்ப லண்டன்ல இருந்தவனுக்கு அது 14. ஷேக்ஸ்பியரும் செர்வான்டசும் 1616 ஏப்ரல் 23 ஒரே நாள்ல செத்தாங்கன்னு வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் வரும். இங்கிலாந்து அப்ப பழைய காலண்டர், ஸ்பெயின் புதுசு, நடுவுல பத்து நாள் வித்தியாசம், செர்வான்டஸ் போய் குறைஞ்சது பத்து நாள் கழிச்சுத்தான் ஷேக்ஸ்பியர் போனாரு. அத விட அநியாயம், கலிலியோ செத்த வருஷமே நியூட்டன் பொறந்தாருங்கறது. கலிலியோ செத்தது புதுக்கணக்குல 1642 ஜனவரி 8, நியூட்டன் பொறந்தது பழைய கணக்குல 1642 டிசம்பர் 25, அதையே புதுக்கணக்குல போட்டா 1643 ஜனவரி 4. ஆளுக்கு ஒரு காலண்டர்ல அளந்து ஒட்ட வச்சிருக்காங்க. ரஷ்யாவுல அக்டோபர் புரட்சிய நவம்பர் 7 கொண்டாடுனதும் இந்தக் கூத்துதான்.

காலண்டர் ஒன்னா இருந்தாலும் ஊர் மாறுனா தேதி மாறும். உங்க ஊர்ல மலாயா தொடர்பு இல்லாத வீடு இருக்காதுன்னு நெனைக்கிறேன், அதனால இது புடிக்கும். பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7, ஜப்பான்காரன் மலாயாவுல கோத்தா பாருவுல எறங்குனது டிசம்பர் 8. பாத்தா மலாயா அடுத்த நாள் மாதிரி தெரியும். நிஜத்துல கோத்தா பாருவுலதான் மொதல்ல சுட்டான், பேர்ல் ஹார்பருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல முன்னாடி. ஹவாயில அப்ப இன்னும் ஞாயித்துக்கெழம காலை, இங்க திங்கக்கெழம பொறந்து நடுராத்திரி தாண்டிருச்சு.

நம்ம பாரதி விஷயமும் இதுல சேத்திதான். 1921 செப்டம்பர் 11ன்னு காலங்காலமா சொல்றோம், உயிர் போனது நடுராத்திரி தாண்டி, கடிகாரக் கணக்குல அது 12ந்தேதி. நம்ம ஆளுகளுக்கு பொழுது விடிஞ்சாத்தானே அடுத்த நாளு, அதனால 11ன்னே நின்னுருச்சு. செப்டம்பர் 11க்கும் பெரிய பட்டியல் இருக்கு, விவேகானந்தர் சிகாகோவுல பேசுனது 1893, காந்தி ஜோகன்னஸ்பர்க் கூட்டத்துல சத்தியாகிரகத்துக்கு வித்து போட்டது 1906, இமானுவேல் சேகரன கொன்னது 1957, சிலி நாட்டு ராணுவக் கவிழ்ப்பு 1973, அப்புறம் 2001 எல்லாருக்கும் தெரியும். பாரதிய அந்தப் பட்டியல்ல வைக்கறதா அடுத்த நாளுக்குத் தள்ளுறதான்னு நானும் நண்பனும் ஒரு டீக்கடையில சண்டையே போட்டிருக்கோம்.

—

கானாடுகாத்தான்_பழசு:

பாரதி பேச்சு வந்ததால ஒரு இடைச்செருகல். 1919ல காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு அவுக வந்து, அந்தச் சங்கத்து மேல பாட்டும் எழுதிக் குடுத்தாக. இங்க எடுத்த போட்டோவும் இருக்கு. மீனா, செப்டம்பர் பலகைக்கு இத மனசுல வச்சுக்கங்க.

—

உமா_ஆச்சி:

மீனா, நான் தேவகோட்டை. தம்பி சொன்ன காலண்டர் கணக்குல ஒன்னு விட்டுப்போச்சு. நம்ம வீட்டுப் பழைய காயிதத்துல இங்கிலீஷ் தேதியே இருக்காது. எங்க ஐயா பர்மாவுக்கு அடுத்தாளா (வட்டிக்கடையில உதவி ஆளா) போனதுக்கு எழுதுன சம்பளச் சீட்டு எங்கிட்ட இருக்கு. மேல பிள்ளையார் சுழி, சுக்கில வருஷம் ஐப்பசி மாசம், அப்புறம் இன்னார் விலாசத்துக்கு (கடைக்கு) மூணு வருஷக் கணக்குக்கு இவ்வளவு சம்பளம், அதுல முன்பணம் இவ்வளவுன்னு. காயிதம் மடிச்ச எடத்துல கிழிஞ்சு, முன்பணம் எவ்வளவுங்கற எழுத்து மேலதான் மடிப்பு. இது இங்கிலீஷ்ல எந்தத் தேதிக்கு வரும்?

அந்தப் பெரியவர் கேட்டாகளே, தூக்குல போட்ட நாளும் பொறந்தநாளும் ஒரே பலகையிலயான்னு. நம்ம வீட்டுல படைப்பு வைக்கறப்ப செத்தவுகளுக்குத்தானே வைக்கிறோம், பேரப்புள்ளைகளுக்கு புதுத்துணி அன்னைக்குத்தானே எடுக்கறோம், யாரு தப்புன்னா? தாராளமா எழுது. மேல ஒரு கோடு இழுத்து மருது பாண்டியர தனியா எழுதிட்டு, கீழ மத்தத எழுது, மரியாதையா இருக்கும்.

—

தேதி_புடிச்சவன்:

ஆச்சி, சுக்கில வருஷம் ஐப்பசின்னா 1929 அக்டோபர் நடுவுல இருந்து நவம்பர் நடு வரைக்கும். அதாவது நியூயார்க்ல கொட்டி முழக்குன அதே மாசம். ஐயா சம்பளச் சீட்டு எழுதிட்டு கப்பல் ஏறியிருக்காங்க, அங்க அடி வாங்கிட்டு இருக்கு, இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மூணு வருஷக் கணக்குன்னா 1932 கடைசி வரைக்கும், அதாவது நெல்லு விலை விழுந்து கெடந்த காலம் முழுக்க அவங்க பர்மாவுலதான் இருந்திருக்கணும். அந்தச் சீட்ட ஒரு நல்ல ஸ்கேன் எடுத்து வைங்க, லேமினேட் பண்ணிராதீங்க.

மருது பாண்டியருக்கும் தமிழ்க் கணக்கு சொல்லிர்றேன், அது துன்மதி வருஷம் ஐப்பசி. ஆனா ஒரே தமிழ்த் தேதின்னா ஒரே இங்கிலீஷ் தேதின்னு நெனைச்சிராதீங்க. நம்ம வருஷம் நட்சத்திரத்த வச்சு, அவங்க வருஷம் பருவத்த வச்சு, சுமாரா 72 வருஷத்துக்கு ஒரு நாள் நகந்துரும். 1801ல சித்திரை ஒன்னாந்தேதி ஏப்ரல் 14க்கு மூணு நாள் முன்னாடியே வந்துருக்கும்.

—

கணக்கு_வாத்தியார்:

எல்லாரும் ஆச்சரியப்பட்டது போதும்னு ஒரு கணக்கு போடறேன். ஒரு அறையில 23 பேரு இருந்தா அதுல ரெண்டு பேருக்காவது ஒரே பொறந்தநாள் இருக்க பாதிக்கு மேல வாய்ப்பு. 40 பேரு இருக்கற வகுப்புல கிட்டத்தட்ட 89 சதவீதம். காரணம் சிம்பிள், 23 பேருக்குள்ள ஜோடி போட்டா 253 ஜோடி வருது. நான் ஒவ்வொரு வருஷமும் புது வகுப்புல இத செஞ்சு பாப்பேன், பசங்க பந்தயம் கட்டித் தோப்பானுங்க. வரலாறுல எத்தனை ஆயிரம் சம்பவம், நாளு வெறும் 366. எந்தத் தேதிய எடுத்தாலும் மூட்டையா கொட்டத்தான் செய்யும், அக்டோபர் 24க்குன்னு தனி ராசியெல்லாம் ஒன்னும் கெடையாது.

ஆனா, மொதல்லயே ரெண்டு பேர தேர்ந்தெடுத்துட்டு அவுங்க ரெண்டு பேருக்கும் பொறந்தநாள் ஒன்னா இருக்கணும்னா அது வேற கணக்கு, 365ல ஒன்னு. கண்ணதாசன் 1927 ஜூன் 24, நம்ம சிறுகூடல்பட்டி. எம்.எஸ்.விஸ்வநாதன் 1928 ஜூன் 24, பாலக்காட்டுப் பக்கம். ஒருத்தர் வரி, ஒருத்தர் மெட்டு, நடுவுல சரியா ஒரு வருஷம். இந்த ஒன்னுல மட்டும் நான் கணக்க ஓரமா வச்சுருவேன்.

—

சும்மா_வந்தவன்:

ஜூன் 24 மெஸ்ஸி பொறந்தநாளும் கூட, 1987. அதையும் பலகையில எழுதுங்க, பசங்க நின்னு படிப்பானுங்க.

(சரி, இழை நல்லாத்தான் போகுது, ஒத்துக்கறேன்.)

—

புதுவயல்_சோலை:

ஐநாவ விட்டுறாதீங்க மீனா. கோட், சூட் போட்ட வெளிநாட்டு விஷயம்னு எல்லாரும் தாண்டிப் போறாங்க. 1945 ஜூன் 26 சான் பிரான்சிஸ்கோவுல சாசனத்துல கையெழுத்து போட்டாங்க, அஞ்சு பெரிய நாடும் மத்த நாடுகள்ல பாதிக்கு மேலயும் ஏத்துக்கிட்ட பிறகு அக்டோபர் 24 நடைமுறைக்கு வந்துச்சு. இந்தியாவுக்கு அப்ப சுதந்திரமே வரல, ஆனாலும் ஐநாவத் தொடங்குன உறுப்பு நாடுகள்ல ஒன்னு. இந்தியா சார்பா கையெழுத்து போட்டவங்கள்ல ஒருத்தர் ஆற்காடு ராமசாமி முதலியார். அவருக்கும் பல வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியாருக்கும் பொறந்தநாள் ஒன்னு, ரெட்டைப் புள்ளைங்க. கணக்கு வாத்தியாருக்கு இதுக்கு எத்தனை சதவீதம்னு கேக்கணும்.

கேப்டன் லட்சுமியும் இருக்கட்டும். 1943ல சிங்கப்பூர்ல நேதாஜியோட பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்கு தலைமை ஏத்தப்ப, அதுல சேந்தவங்கள்ல ரொம்பப் பேரு மலாயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிட்டு இருந்த தமிழ்ப் பொண்ணுங்க. பழசு ஐயா சொன்ன கடல் தாண்டுன கணக்குல இதுவும் சேருது.

—

கண்டனூர்_மீனா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. உமா ஆச்சி சொன்ன மாதிரி கோடு இழுத்து எழுதிப் பாத்தேன், இப்படி வச்சிருக்கேன், திருத்தம் இருந்தா நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க:

1801: மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர் (துன்மதி, ஐப்பசி).

கோடு.

1914: கேப்டன் லட்சுமி பிறந்தார். ஜான்சி ராணிப் படையின் தலைவி.
1929: நியூயார்க் பங்குச்சந்தை சரியத் தொடங்கியது. பர்மாவில் நெல் விலை வீழ்ந்தது, நம்மவர் தொழில் முடங்கியது.
1945: ஐநா சாசனம் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார்.

லக்ஷ்மண விட மனசு வரல, ஆனா எடம் இல்ல. போன்ல அப்பச்சிகிட்ட வாசிச்சுக் காட்டுனேன், நெல் விலை அன்னைக்கேவா விழுந்துச்சு, "பின்னர்"னு ஒரு வார்த்தை சேரு, இல்லன்னா வாசல்ல கேள்வி கேப்பாகன்னு சொல்லிட்டாக. சேத்துர்றேன்.

—

கானாடுகாத்தான்_பழசு:

அப்பச்சி சொன்னது சரி. அதோட "தூக்கிலிடப்பட்டனர்" வேணாம், "தூக்குமேடை ஏறினர்"னு போடுங்க.

அவுக டிசம்பருக்குள்ள திரும்பிருவாகளா? ஏன்னா 24ந்தேதி பெரியார் 1973, எம்.ஜி.ஆர் 1987. மறுநாளே வேலு நாச்சியார் 1796, ராஜாஜி 1972, கீழ்வெண்மணி 1968, அதோட கிறிஸ்துமஸ். இப்பவே இழையத் தொறந்து வச்சுக்கங்க.